கிஃப்ட்: பரிசா, நஞ்சா, கல்யாணமா?

ஜி, ஐ, எஃப், டி என்று நான்கு எழுத்துகளை ஆங்கிலத்தில் சேர்த்து எழுதினால் பரிசு. அதே நான்கு எழுத்துகளை ஜெர்மனியில் ஒரு புட்டியின் மேல் ஒட்டினால், 'நஞ்சு, தொடாதே' என்று பொருள். ஸ்வீடன், டென்மார்க், நார்வே மூன்று நாடுகளிலும் அதற்கு நஞ்சு என்றும் பொருள் உண்டு, 'கல்யாணமானவர்' என்றும் பொருள் உண்டு. நெதர்லாந்தில் நன்கொடை. வேறு வேறு சொற்கள் தற்செயலாக ஒரே எழுத்துக்கூட்டலில் வந்து நின்றுவிட்டன என்றுதான் முதலில் தோன்றும். அப்படி இல்லை, எல்லாம் ஒரே சொல்தான்.

அந்தச் சொல்லின் வேர் 'கொடு' என்ற வினை. ஆங்கிலத்தின் கிவ், ஜெர்மனின் கேபன் இரண்டும், ஆங்கிலம், ஜெர்மன், டச்சு, ஸ்வீடிஷ் முதலானவற்றுக்கெல்லாம் மூதாதையான பழைய ஜெர்மானிய மொழியின் ஒரே வினையிலிருந்து வந்தவை. அந்த வினையோடு ஒரு 'ட்' ஒலியை ஒட்டினால் பெயர்ச்சொல் பிறக்கும். டிரைவ் என்பதிலிருந்து டிரிஃப்ட் வந்ததும் இப்படித்தான். ஆக, கிஃப்ட் என்றால் வெறும் 'கொடுத்தல்'. யார், யாருக்கு, எதைக் கொடுக்கிறார்கள் என்பது அந்தச் சொல்லுக்குள் இல்லை. தகப்பன் பெண்ணைக் கொடுக்கிறானா, மருத்துவர் மருந்தைக் கொடுக்கிறாரா, நண்பன் ஒரு பொட்டலத்தைக் கொடுக்கிறானா என்பதை ஒவ்வொரு மொழியும் தன் பாட்டுக்கு முடிவு செய்துகொண்டது.

இவற்றில் மூத்தது கல்யாணம்தான். 4-ம் நூற்றாண்டில் உல்ஃபிலா என்ற ஆயர் பைபிளை கோதிக் மொழியில் பெயர்த்தார். ஜெர்மானிய மொழிகளில் நமக்குக் கிடைக்கும் முதல் பெரிய நூல் அதுவே. யோசேப்புக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த மரியாள் என்று லூக்கா நற்செய்தியில் வரும் இடத்தில், நிச்சயத்துக்கு அவர் போட்ட சொல் 'ஃப்ராகிஃப்ட்'. 'ஃப்ரா' என்றால் கைவிட்டுப் போகும்படி, 'கிஃப்ட்' என்றால் கொடுத்தல். அந்த மொழிபெயர்ப்பின் முக்கியமான ஏட்டுப்பிரதி, ஊதா நிறத் தோல் தாள்களில் வெள்ளி மையால் எழுதப்பட்டது, இன்று ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது.

பழைய ஆங்கிலமும் அதே வழியில்தான் போனது. 688 முதல் 726 வரை வெசெக்ஸ் நாட்டை ஆண்ட இனே அரசரின் சட்டத்தொகுப்பில் 31-வது பிரிவு இப்படிப் போகிறது: ஒருவன் பெண்ணை விலை பேசி வாங்கிய பிறகு 'கிஃப்ட்' நடக்காமல் போனால், பணத்தைத் திருப்பித் தர வேண்டும், அதே தொகையை இன்னொரு மடங்கும் தர வேண்டும், பிணை நின்றவருக்கும் ஈடு கட்ட வேண்டும். இங்கே கிஃப்ட் என்பது கல்யாணம். பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்குப் பெண்ணுக்காகத் தரும் பரியம் என்ற பொருளும் இருந்தது. பிறந்தநாளுக்கு வண்ணக் காகிதம் சுற்றித் தருகிற பொருள் என்ற நினைப்பே அதில் அன்று இல்லை.

தமிழில் பெண் கொடுப்பது, பெண் எடுப்பது, கொள்வினை கொடுப்பினை என்றெல்லாம் பேசிப் பழகிய நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆங்கிலேயருக்குத்தான் இன்று இது விநோதமாகத் தெரிகிறது, ஏனென்றால் அவர்கள் மொழியில் அந்தப் பொருள் செத்துப்போனது. அது எப்படிச் செத்தது என்பதைக் காட்டும் தடயம் உச்சரிப்பில் இருக்கிறது.

பழைய ஆங்கிலத்தில் இகர, எகர ஒலிகளுக்கு முன்னால் வந்த 'க்' ஒலி மெல்ல மெல்ல 'ய்' ஆகிவிட்டது. மஞ்சளைக் குறிக்கும் யெல்லோ, நேற்றைக் குறிக்கும் யெஸ்டர்டே போன்றவை எல்லாம் ஒரு காலத்தில் ஜி எழுத்தில் எழுதப்பட்டவை. அந்தக் கணக்கில் இன்றைய ஆங்கிலேயர் 'யிஃப்ட்' என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். 1400-ல் இறந்த சாசர் உண்மையில் அப்படித்தான் எழுதினார்: யிஃப்ட், கொடு என்பதற்கு யிவ். ஆனால் 9-ம் நூற்றாண்டிலிருந்து இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய வைக்கிங் மக்களின் நோர்ஸ் மொழியில் 'க்' அப்படியே கெட்டியாக இருந்தது. கிவ், கெட், எக், ஸ்கை போன்ற சொற்களோடு கிஃப்ட்டும் அவர்கள் வாயிலிருந்து ஆங்கிலத்துக்குள் வந்து, உள்ளூர் யிஃப்ட்டைத் தள்ளிவிட்டது. பரிசு என்ற பொருளும் அந்தப் புதுச் சொல்லோடு சேர்ந்துதான் நிலைத்தது.

இந்த இழுபறி பல நூற்றாண்டுகள் நீடித்தது. இங்கிலாந்தின் முதல் அச்சாளர் வில்லியம் காக்ஸ்டன் 1490-ல் எழுதிய ஒரு முன்னுரையில் ஒரு வேடிக்கையைச் சொல்கிறார். தேம்ஸ் ஆற்றங்கரையில் காற்றுக்காகக் காத்திருந்த வணிகர்களில் ஒருவர் ஒரு வீட்டில் போய் 'எக்' கேட்கிறார். அந்த வீட்டம்மா, "எனக்கு பிரெஞ்சு தெரியாது" என்கிறார். வணிகருக்குக் கோபம், ஏனென்றால் அவருக்கும் பிரெஞ்சு தெரியாது. கடைசியில் இன்னொருவர் 'ஐரன்' என்று கேட்டதும் அம்மாவுக்குப் புரிந்துவிடுகிறது, முட்டை வருகிறது. எக் என்பது நோர்ஸ் வடிவம், ஐரன் என்பது உள்ளூர் வடிவம். கிஃப்ட்டுக்கும் யிஃப்ட்டுக்கும் இடையே நடந்த சண்டையும் இதே ரகம்தான்.

இதில் ஒரு குறும்பும் இருக்கிறது. ஆங்கிலேயருக்குக் கெட்டியான 'க்' ஒலியைத் தந்துவிட்டுப் போன நோர்ஸ் மக்களின் வாரிசுகளான ஸ்வீடன்காரர்களும் நார்வேக்காரர்களும் பின்னாளில் அந்த ஒலியைத் தாங்களே இழந்துவிட்டார்கள். இன்று ஸ்டாக்ஹோமிலும் ஆஸ்லோவிலும் இந்தச் சொல்லை 'யிஃப்ட்' என்றுதான் சொல்கிறார்கள். டென்மார்க்கில் மட்டும் 'கிஃப்ட்'. டச்சுக்காரர்களோ தொண்டையைக் கரகரக்க வைத்து 'ஹிஃப்ட்' என்கிறார்கள்.

ஸ்வீடனில் கல்யாணப் பொருள் உயிரோடு இருப்பதற்குச் சட்டமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். 1734-ல் அந்த நாடு வெளியிட்ட பொதுச் சட்டத்தின் முதல் பகுதியே திருமணப் பகுதி, அதன் பெயர் 'யிஃப்டர்மோல்ஸ்பால்க்'. பெண்ணைக் கொடுக்கும் உரிமையுள்ள ஆணுக்கு 'யிஃப்டோமான்' என்று பெயர். பெரும்பாலும் தகப்பன், அவர் இல்லாவிட்டால் உறவில் அடுத்த ஆண். அவர் சம்மதம் இல்லாமல் பெண் கல்யாணம் செய்துகொள்ள முடியாது. அந்தப் பிடி 19-ம் நூற்றாண்டில்தான் தளர்ந்தது. 1920-ல் வந்த புதிய திருமணச் சட்டமும் பழைய பெயரையே வைத்துக்கொண்டது. 1987-ல் இயற்றிய சட்டத்தில்தான் வேறு சொல் வந்தது. கொடுக்கிறவரும் இல்லை, கொடுக்கப்படுகிறவரும் இல்லை என்று ஆன பிறகும் பேச்சில் சொல் நிற்கிறது. ஆணும் பெண்ணும் சமமாக 'யிஃப்டா செய்' என்கிறார்கள் (இந்த 'செய்' தமிழ்ச் சொல் அல்ல, 'தன்னை' என்று பொருள்படும் ஸ்வீடிஷ் சொல்), அதாவது 'தன்னைத்தானே கொடுத்துக்கொள்வது'. கல்யாணமாகாதவர் 'ஊயிஃப்ட்'. ஒரு படிவத்தில் இந்தச் சொல்லைப் பார்க்கும் ஜெர்மானியர் அதை 'நஞ்சற்றவர்' என்று படித்தாலும் குற்றமில்லை.

சரி, நஞ்சு எங்கிருந்து வந்தது?

ஜெர்மனிலும் முதலில் கிஃப்ட் என்றால் கொடை, கொடுத்தல்தான். 8-ம் நூற்றாண்டுக்கும் 11-ம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்ட பழைய உயர் ஜெர்மனிலேயே அதோடு நஞ்சு என்ற பொருளும் ஒட்டிக்கொண்டதைக் காணலாம். அகராதிக்காரர்கள் தரும் விளக்கம் இதுதான்: கிரேக்கத்தில் 'டோஸிஸ்' என்றால் கொடுத்தல். கிரேக்க மருத்துவர்கள் ஒரு தடவைக்குக் கொடுக்கும் மருந்தின் அளவையும் டோஸிஸ் என்றார்கள். பிற்கால லத்தீன் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. நாம் இன்று சொல்லும் 'டோஸ்' அதுதான். லத்தீன் மருத்துவக் குறிப்புகளைத் தங்கள் மொழியில் எழுத வேண்டியிருந்த ஜெர்மானியர்கள் டோஸிஸுக்கு நேரான உள்ளூர்ச் சொல்லைத் தேடினார்கள். 'கொடுத்தல்', அதாவது கிஃப்ட், கையில் தயாராக இருந்தது. முதலில் அது மருந்தின் அளவு. அப்புறம் ஆளைக் கொல்லும் அளவு. அப்புறம் அளவெல்லாம் போய், கொல்லும் பொருளே கிஃப்ட் ஆனது.

மருந்து என்று தொடங்கி நஞ்சில் முடிவது அப்படியொன்றும் அரிதான பயணம் இல்லை. நாம் வயலில் தெளிப்பதைப் பூச்சிமருந்து என்கிறோம், பரண்மேல் வைப்பதை எலிமருந்து என்கிறோம். எந்த எலிக்கும் அதனால் நோய் தீர்ந்ததில்லை.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த சாட்சி பாராசெல்சஸ். 1493-ல் சுவிட்சர்லாந்தில் பிறந்த இந்த மருத்துவர், நோயாளிகளுக்கு நஞ்சைக் கொடுக்கிறார் என்று மற்ற மருத்துவர்கள் பழித்தபோது 1538-ல் ஒரு மறுப்பு எழுதினார். லத்தீனில் எழுதாமல் மக்கள் பேசிய ஜெர்மனில் எழுதினார். அதில் வரும் வாக்கியத்தை இன்றும் நச்சியல் வகுப்பில் முதல் நாளே சொல்லிவிடுவார்கள்: எல்லாப் பொருளும் நஞ்சே, நஞ்சில்லாதது எதுவுமில்லை, ஒரு பொருளை நஞ்சாகாமல் வைப்பது அளவு மட்டுமே. அவர் ஜெர்மனில் நஞ்சுக்கு எழுதிய சொல் கிஃப்ட். அளவுக்கு எழுதிய சொல் டோஸிஸ். மூலச் சொல்லும் அதன் மொழிபெயர்ப்பும் ஒரே வாக்கியத்தில் எதிரெதிராக நிற்கின்றன. அவருக்கு அது தெரிந்திருக்குமா என்று சொல்ல வழியில்லை. அவர் காலத்திலேயே இரண்டும் வெகுதூரம் விலகிவிட்டிருந்தன.

மற்ற ஐரோப்பிய மொழிகளும் நஞ்சை நேராகப் பெயர் சொல்லி அழைக்கக் கூசியவைதான். பிரெஞ்சின் 'புவாஸோன்', அதிலிருந்து ஆங்கிலம் எடுத்துக்கொண்ட பாய்சன், இரண்டும் லத்தீனின் 'போஷியோ' என்ற சொல்லிலிருந்து வந்தவை. அதன் பொருள் பானம், அவ்வளவுதான். மந்திரக் கதைகளில் வரும் 'போஷன்' இதே சொல்லின் இன்னொரு பிள்ளை. இத்தாலியின் 'வெலேனோ', ஸ்பெயினின் 'வெனேனோ' இரண்டும் லத்தீன் 'வெனேனும்' வழி. அது காதல் தேவதை வீனஸின் பெயரோடு வேர் பகிர்ந்துகொள்ளும் சொல், தொடக்கத்தில் வசிய மருந்தைக் குறித்தது. ரோமானியச் சட்டத்தில் இது தலைவலியாகவே இருந்தது. வெனேனும் என்று சொல்பவர் அது நல்லதா கெட்டதா என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மருந்தும் வெனேனும்தான் என்று 2-ம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் கயஸ் எழுதிவைத்தார். மருந்து, நஞ்சு இரண்டையும் குறிக்கும் கிரேக்கத்தின் 'ஃபார்மகோன்' பற்றி நிறையப் பேர் நிறைய எழுதிவிட்டார்கள், அதை விட்டுவிடுகிறேன்.

அப்படியானால் கிஃப்ட் நஞ்சாவதற்கு முன்னால் ஜெர்மானிய மக்கள் நஞ்சை என்னவென்று சொன்னார்கள்? அவர்களுக்கென்று ஒரு பழைய சொல் இருந்தது. நோர்ஸில் 'ஐட்டர்', பழைய ஆங்கிலத்தில் 'ஆட்டர்'. வேலை போன பிறகு அது ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு மூலையில் ஒதுங்கியது. ஜெர்மனில் 'ஐட்டர்' என்றால் இப்போது சீழ். டென்மார்க்கில் சிலந்திக்குப் பெயர் 'எட்டர்கோப்', அதன் முன்பாதியில் இருப்பது அந்தப் பழைய நஞ்சு. ஆங்கிலத்தின் வட்டார வழக்குகளிலும் 'ஆட்டர்காப்' என்று சிலந்திக்கு ஒரு பெயர் நெடுநாள் இருந்தது. நஞ்சுக்கு ஆங்கிலேயர்கள் பிரெஞ்சிலிருந்து பாய்சனை எடுத்துக்கொண்டதால், அவர்களுடைய கிஃப்ட்டுக்கு அந்த வேலை வரவே இல்லை. பிரெஞ்சு பேசிய நார்மன்கள் 1066-ல் இங்கிலாந்தில் வந்து இறங்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்க வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

வடக்கே நஞ்சுப் பொருளைக் கொண்டுபோனவர்கள் ஜெர்மன் வணிகர்கள். லூபெக் முதலான துறைமுக நகரங்களின் ஹான்சா கூட்டமைப்பு பால்டிக் வணிகத்தைக் கையில் வைத்திருந்த நூற்றாண்டுகளில், அவர்கள் பேசிய தாழ்நில ஜெர்மன் சொற்கள் ஸ்வீடிஷிலும் டேனிஷிலும் கூட்டம் கூட்டமாக நுழைந்தன. அங்கே கல்யாணத்துக்கென்று ஏற்கெனவே ஒரு கிஃப்ட் உட்கார்ந்திருந்தது. புதியது வந்தது என்று பழையது எழுந்து போகவில்லை. இரண்டும் ஒரே மொழியில் குடியிருக்கின்றன: ஒன்று பெயர்ச்சொல், மற்றது பெயரடை, அதனால் வாக்கியத்தில் குழப்பம் வருவதில்லை. நகைச்சுவை மட்டும் வருகிறது. கல்யாணமும் விஷமும் ஒரே சொல் என்று ஸ்காண்டிநேவியர் சொல்லிச் சிரிக்காத விருந்து இருக்காது. ஸ்டாக்ஹோமிலும் கோபன்ஹேகனிலும் ஆஸ்லோவிலும் குழந்தை எதையாவது குடித்துவிட்டால் பெற்றோர் கூப்பிடும் நச்சு உதவி மையங்கள் மூன்றின் பெயரும் இந்தச் சொல்லில்தான் தொடங்குகிறது. ஸ்வீடிஷ் பாதி கற்றவருக்கு அது கல்யாணத் தகவல் மையம் என்று தோன்றக்கூடும்.

ஜெர்மனில் இரண்டு பொருளும் கொஞ்ச காலம் பாலினத்தால் பிரிந்து நின்றன. கொடை பெண்பால், நஞ்சு அஃறிணைப்பால். ஆனால் அது நீடிக்கவில்லை. கொடைப் பொருள் மெல்லத் தேய்ந்து, இன்று 'மிட்கிஃப்ட்' என்ற ஒரே சொல்லுக்குள் மட்டும் பிழைத்திருக்கிறது. 'மிட்' என்றால் கூட. பெண்ணோடு கூடக் கொடுத்தனுப்புவது, அதாவது சீதனம். நஞ்சுப் பொருளோ வழக்கில் செழித்துவிட்டது. 'அதை நம்பி நீ கிஃப்ட்டே சாப்பிடலாம்' என்றால் அவ்வளவு உறுதி என்று அர்த்தம். கோபத்தில் கத்துபவர் 'நஞ்சும் பித்தமும் துப்புகிறார்'. பவேரியாவிலும் ஆஸ்திரியாவிலும் எரிச்சல்படுவதற்கே 'கிஃப்டன்' என்று ஒரு வினை உண்டு.

டச்சுக்காரர்கள் செய்ததுதான் இருப்பதிலேயே கெட்டிக்காரத்தனம். நஞ்சிலிருந்து கடைசி 'ட்' ஒலியைக் கழற்றிவிட்டார்கள். 'ஹிஃப்' என்றால் நஞ்சு, 'ஹிஃப்ட்' என்றால் நன்கொடை. ஆனால் 'நச்சுத்தன்மையுள்ள' என்று சொல்லும்போது அந்த 'ட்' திரும்ப வந்து 'ஹிஃப்டிக்' ஆகிவிடுகிறது. அறக்கட்டளைகளுக்குத் தந்த பணத்துக்கு வரிவிலக்குக் கேட்பவர்கள் படிவத்தில் 'ஹிஃப்டன்' என்ற தலைப்பின் கீழ் நிரப்புகிறார்கள்.

பழைய சொல் கெட்டுப்போனதால் பரிசுக்கு வேறு சொல் தேவைப்பட்டது. ஜெர்மன் 'காபே' என்றும் ஸ்வீடிஷ் 'கோவா' என்றும் வைத்திருப்பவை அதே 'கொடு' வேரின் வேறு கிளைகள். ஆனால் ஜெர்மனியில் பரிசுக்கு அன்றாடம் புழங்கும் சொல் 'கெஷெங்க்'. அதன் வினையான 'ஷெங்கன்' முதலில் 'ஊற்று' என்ற பொருளில் இருந்தது. இன்றும் கோப்பையில் ஊற்றுவது 'ஐன்ஷெங்கன்', மதுக்கடை 'ஷெங்கே'. விருந்தில் வந்தவருக்கு ஊற்றிக்கொடுப்பது கொடையாகி, கொடை பரிசாகிவிட்டது. ஆக, பிரெஞ்சுக்காரர்களின் நஞ்சு ஒரு காலத்தில் பானம், ஜெர்மானியர்களின் பரிசும் ஒரு காலத்தில் பானம், ஜெர்மானியர்களின் நஞ்சு ஒரு காலத்தில் பரிசு.

இந்த முடிச்சைப் பார்த்துச் சொக்கிப்போனவர் பிரெஞ்சு மானிடவியலாளர் மார்செல் மோஸ். 1924-ல் அவர் 'கிஃப்ட், கிஃப்ட்' என்ற தலைப்பிலேயே ஒரு சிறு கட்டுரை எழுதினார். பழைய ஜெர்மானிய மக்களிடையே கொடை பெரும்பாலும் பானமாகவே இருந்தது, ஊற்றிக்கொடுக்கப்படும் பானத்தில் என்ன கலந்திருக்கிறது என்று வாங்குபவருக்கு எப்போதும் ஒரு சந்தேகம் இருந்திருக்கும், வாங்கினால் கடன், மறுத்தால் பகை, ஆகவே பரிசு என்ற சொல்லுக்குள்ளேயே நஞ்சு குடிகொண்டது என்பது அவர் வாதம். கேட்பதற்கு அழகாக இருக்கிறது. அடுத்த ஆண்டு அவர் கொடையைப் பற்றி எழுதிய பெரிய ஆய்வு மானிடவியலையே திருப்பிப் போட்டது. அதனால் இந்தச் சிறு கட்டுரையையும் இன்றுவரை பலர் மேற்கோள் காட்டுகிறார்கள்.

எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை, காரணம் ஐஸ்லாந்து. பழைய ஜெர்மானியக் கொடை வழக்கமே இந்தச் சொல்லில் நஞ்சைக் கலந்திருந்தால், அதன் தடம் அந்தத் தீவில்தான் மிகத் தெளிவாக இருக்க வேண்டும். விருந்தும் கொடையும் பகையும் நிறைந்த நோர்ஸ் கதைகளை ஏட்டில் எழுதிக் காத்தவர்கள் அவர்கள். அவர்கள் மொழியும் ஆயிரம் ஆண்டுகளில் அதிகம் மாறவில்லை. அங்கே 'கிஃப்டாஸ்ட்' என்றால் கல்யாணம் செய்துகொள்வது, 'கிஃப்டா' என்ற பெயர்ச்சொல்லுக்கு நற்பேறு என்று பொருள். நஞ்சுக்கு இன்றும் அந்தப் பழைய ஐட்டர்தான், இப்போது 'ஏதுர்' என்ற உச்சரிப்பில். கோதிக்கிலும் பழைய ஆங்கிலத்திலும்கூட கிஃப்ட் நஞ்சைக் குறிக்கவில்லை. லத்தீன் மருத்துவ ஏடுகளைப் பெயர்த்த ஜெர்மன் நிலத்திலும், அந்த ஜெர்மன் பேச்சு நெருங்கிப் பழகிய அக்கம்பக்கத்து மொழிகளிலும் மட்டும்தான் அந்தப் பொருள் இருக்கிறது.